மூணு வேளை மாத்திரைக்காரி

எங்கள் கடையில் கறுப்புக் கவர் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அந்த அக்காதான். ஆந்திர எல்லையில், நகரி பஜாரில் ஒரு மருந்துக்கடையில் அப்போது நான் கவுண்டரில் நின்றேன். டி.ஃபார்ம் முடித்த திமிர், இருபத்தாறு வயது, எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. சில சாமான்களைக் காகிதத்தில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் நீட்ட வேண்டும் என்பது கடை வழக்கம். பெண்கள் மாதா மாதம் வாங்குவது ஒன்று. ஆண்கள் கூட்டம் குறையும்வரை ரோட்டைப் பார்த்தபடி நின்று, கண்ணாலேயே கேட்டு வாங்கிப் போகும் மாத்திரை இன்னொன்று. அக்கா கேட்டது அந்த இரண்டாவதை. அதுவும் ஒன்றிரண்டு இல்லை, ஒன்பது பட்டை.

"தொண்ணூறு மாத்திரை. ஒரு மாசத்துக்கு," என்றாள்.

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர் இருமினார், ஒருவர் முதலாளியைப் பார்த்தார். நான் சிரித்தேன். வாய்க்குள் சிரித்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன், பல் தெரியத்தான் சிரித்தேன். சிரித்தபடியே கறுப்புக் கவரை எடுத்தேன்.

"இன்னாத்துக்கு கவரு? நானின்னா திருடிக்கினா போறேன்? சீட்டப் படி."

நான் உதடு அசைய முணுமுணுத்தேன்.

"கேக்கல. தறி சத்தத்துல பொழைக்கிறவ நான். சத்தமா படி."

படித்தேன். சில்டெனாஃபில், தினம் மூன்று வேளை, நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு. அக்கா திரும்பிக் கடையைப் பார்த்தாள். "நுரையீரலாம். எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்றாள். பிறகு ஒன்பது பட்டையையும் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு பஜார் வழியே நடந்து போனாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். நிற்கும்போதும் பட்டைகளை முந்தானையில் மறைக்கவில்லை.

அக்காவுக்கு இருதயம் வீங்கித் தளர்ந்து போயிருந்தது. வேறு இருதயம் வைத்தால்தான் பிழைப்பாள் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையில் பெயர் எழுத முடியாது என்றும் அதே வாயால் சொன்னார்கள். பல வருஷமாக ரத்தம் பின்னால் தேங்கித் தேங்கி, நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகி, அங்கே அழுத்தம் ஏறிக் கிடந்தது. புதிதாக வரும் இருதயத்துக்கு அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிப் பழக்கம் இருக்காது, வைத்த சூட்டிலேயே ஓய்ந்துவிடும். அக்கா இதை எனக்கு விளக்கிய விதம் வேறு.

"போர்ல புது மோட்டாரு எறக்குற. பைப்பு பூரா அடைச்சிக்கினு இருக்குது. மோட்டாரு இன்னா ஆவும்? பூடும். மொதல்ல பைப்பத் தொறக்கணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. நீங்கள்லாம் வேற எதுக்கோ வாங்குறீங்க, எனக்கு அத்தப் பத்தி இன்னா? எனக்கு மூச்சு வரணும்."

வெட்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "வெக்கப்பட்டா மூச்சு வருமா?" என்பாள். இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வாயும் வயிறுமாக இருக்கும் புதுப் பெண் மாத்திரைப் பெயரைச் சொல்லக் கூசி நின்றாலும் சொல்வாள், மூலத்துக்கு மருந்து கேட்டு நெளிகிற பெரிய மனிதரிடமும் சொல்வாள். அந்த மனிதர் அதன் பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார். முதலாளி என்னைத் திட்டினார். நான் யாரைத் திட்டுவது?

அவளுக்கு வேலை தறி ஷெட்டில், நூலை மெஷினில் சின்னக் கட்டைகளில் தாராகச் சுற்றுவது. முன்பு நான்கு தறி ஓட்டியவள். நின்று வேலை செய்ய மூச்சு போதாமல் போனபின் உட்கார்ந்து தார் சுற்றினாள். புருஷன் குவைத்தில் டிரைவர். பொண்ணு பத்தாவது. எங்கள் பக்கம் அப்போது வீட்டுக்கு ஒரு ஆள் வெளியே போய்க்கொண்டிருந்த காலம். ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறுவான், ஒருத்தன் குவைத் பிளேனில் ஏறுவான். இருக்கிறவர்களுக்குப் போனவர்கள் பெண்டாட்டிகளைப் பற்றிப் பேசுவதே பொழுதுபோக்கு. புருஷன் குவைத்தில் இருக்கிறவள் மாதம் தொண்ணூறு அந்த மாத்திரை வாங்குகிறாள் என்றால் நகரி வாய் சும்மா இருக்குமா?

பேச்சு கடல் தாண்டிப் போய்விட்டது. ஒருநாள் கடை நம்பருக்கு அவள் புருஷன் போன் செய்தான். "எம் பொண்டாட்டி உங்க கடையில இன்னா மாத்திரை வாங்குது?" என்றான். நான்தான் எடுத்தேன். நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "அது வந்து... அக்காவையே கேளுங்கண்ணா," என்று குழைந்தேன். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது நான்தான்.

மறுநாள் அக்கா வந்தாள். என்னைத் திட்டவில்லை. புருஷனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கவுண்டர் கண்ணாடி மேல் போனைக் கிடத்தினாள். "இவரு மெடிக்கலு. படிச்ச ஆளு. இப்ப சீட்டு படிப்பாரு. நீ கேளு," என்றாள். என்னைப் பார்த்து, "படி" என்றாள்.

கடை நிறைய ஆள். நான் படித்தேன். மாத்திரை பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எதற்கு, எல்லாம். இதனால் அழுத்தம் இறங்கினால்தான் இருதய மாற்று வரிசையில் பெயர் ஏறும் என்பதையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப இத்தப் போட்டா பொழைச்சிப்பியா?" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது.

"போட்டுக்கினு இருக்கேன் இல்ல? ஊரு பேசுறத கேக்காத. நேரத்துக்குத் துன்னு, வண்டியப் பாத்து ஓட்டு," என்று போனை வைத்தாள். நான் சீட்டை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, "உனக்கின்னா வந்துச்சி?" என்று சிரித்தாள்.

பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. பயந்தால் வாயை மூடிக்கொள்கிற ஜாதி இல்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை மூடினாள். ஷெட்டில் மயங்கிச் சாய்ந்தபோது, பக்கத்துத் தறிக்காரர் நல்ல எண்ணத்தில் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கிற மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். இவள் சாப்பிடும் மாத்திரையோடு அது சேர்ந்தால் பிரஷர் தலைகுப்புற விழும், ஆளே போய்விடும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அரை மயக்கத்தில் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, அவர் கையைத் தட்டிவிட்டாளாம். விரலில் நகக்கீறலைக் காட்டி அந்த மனிதர் என்னிடமே மருந்து வாங்கிப் போனார்.

இவ்வளவு கெட்டிக்காரி ஏமாந்தது என்னால். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போட வேண்டும். ஷெட்டில் கடிகாரம் கிடையாது. பஞ்சுத் தூசிக்குப் பயந்து போனை வெளியே பையில் வைத்துவிடுவார்கள். வைத்துக்கொண்டாலும் தறிச் சத்தத்தில் மணியடிப்பது கேட்காது. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் கரண்ட் கட்டுக்கு ஒரு டைம்டேபிள் இருந்தது. காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. ரயில்கூட அவ்வளவு சரியாக வராது. அந்த மூன்று நேரமும் ஊர் முழுக்கத் தறி ஒரே மூச்சில் நிற்கும். சரியாக எட்டெட்டு மணி நேர இடைவெளி. கண்டுபிடித்த பெருமையில் நான்தான் சொன்னேன்: "தறி நின்னா மாத்திரை போட்டுக்கோக்கா. கடிகாரமே வேணாம்."

"நல்ல மூளைடா உனக்கு," என்று அவளும் மெச்சினாள்.

ஏழெட்டு வாரம் நன்றாகப் போனது. அதன் பிறகு மெல்ல மெல்ல கரண்ட் கட்டு குறைய ஆரம்பித்தது. முதலில் மதிய கட்டு வாரத்தில் இரண்டு நாள் இல்லை. பிறகு ராத்திரி கட்டு எப்போதாவது. ஊரே சந்தோஷப்பட்டது. தறி ஓடினால் கூலி. அக்கா தறி நின்றபோதெல்லாம் தவறாமல் போட்டாள். நிற்காதபோது இன்னும் நேரமாகவில்லை என்று காத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை இரண்டாகி, ஒன்றாகிவிட்டது. முப்பது நாளைக்கு வாங்கிய ஒன்பது பட்டை இரண்டு மாதம் வந்தது. விற்கிறவன் நான். எனக்கே உறைக்கவில்லை.

நான்காம் மாதம் திருப்பதியில் கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயை இருதயத்துக்குள் விட்டு மறுபடி அளந்தார்கள். அழுத்தம் இறங்கவில்லை. இந்த மருந்து உங்கள் உடம்பில் வேலை செய்யவில்லை, வரிசையில் சேர்க்க வழியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் பஸ் இறங்கி நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவள் கண் கலங்கிப் பார்த்தேன். "வேள தவறாம போட்டேன்பா. தறி நின்னப்பல்லாம் போட்டேன்," என்றாள். அந்த நேரம் வெளியே ஊரெங்கும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக எப்போது மாத்திரை வாங்கினாள் என்று எண்ணிப் பார்த்தேன். ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. முப்பது நாள் மாத்திரை அது, கரண்ட் போகாத வேளையெல்லாம் அவள் போடவில்லை. சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு. டாக்டர்கிட்ட நீயே வந்து சொல்லு."

"முதலாளிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துடுவாருக்கா."

"எடுக்கட்டும். வேல வேற கெடைக்கும். எனக்கு உசுரு வேற எங்க கெடைக்கும்?"

போனேன். டாக்டர் தெலுங்குக்காரர், வயதான அம்மா, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். நான் கரண்ட் கட்டு கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. "நுவ்வு ஃபார்மசிஸ்டா?" என்று தெலுங்கில் கேட்டார், நீயெல்லாம் ஒரு ஃபார்மசிஸ்டா என்று. பதில் சொன்னது அக்காதான்.

"இவன் சொன்னான், நான் கேட்டேன். எங்க ரெண்டு பேருக்கும்தான் புத்தி இல்லம்மா. மாத்திரைக்கு இருக்குது. அது தோக்கல. போடாத மாத்திரைய வேல செய்யலன்னு எப்படி எழுதுவீங்க? சீட்டுல அத்த அடிங்க. மூணு மாசம் குடுங்க. மணி பாத்துப் போட்டுக்கினு வரேன். அப்பவும் எறங்கலன்னா நானே வாயத் தொறக்க மாட்டேன்."

டாக்டரம்மா சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

அந்த மூன்று மாதமும் மதியம் இரண்டு மணிக்கு நானே கடையை விட்டு ஷெட்டுக்கு ஓடினேன். முதலாளி கேட்டார், உண்மையைச் சொன்னேன். அவர் என்னை எடுக்கவில்லை, ஒரு மாதம் பேசவுமில்லை. காலையும் ராத்திரியும் பொண்ணு பார்த்துக்கொண்டாள். மூன்றாவது டெஸ்டில் அழுத்தம் இறங்கியிருந்தது. வரிசையில் பெயர் ஏறியது. கூப்பிடுவதற்குக் கொடுத்த போன்களில் முதல் நம்பர் அவளுடையது, இரண்டாவது நம்பராக எங்கள் கடை போனைக் கொடுத்திருந்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை பத்து மணிக்குக் கடை போன் அடித்தது. இருதயம் ஒன்று வருகிறது, உடனே கூட்டிவாருங்கள் என்றார்கள் திருப்பதியிலிருந்து. அவள் போன் ஷெட்டுக்கு வெளியே பையில் அடித்து ஓய்ந்திருந்தது. நான் ஓடிப்போய் நூலும் கையுமாக அவளைக் கிளப்பி, வாடகைக் காரில் ஏற்றினேன். புத்தூர், வடமாலப்பேட்டை, வழி முழுக்க அவள் கையில் ஒட்டியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். திருப்பதி நெருங்கும்போது, "எந்த ஊரு புள்ளையோ. அத்தப் பெத்தவ இப்ப இன்னா பண்ணிக்கினு இருப்பா," என்றாள்.

அங்கே போனபின்தான் தெரிந்தது, அந்த இருதயத்துக்கு அவள் இரண்டாவது ஆள். முதலில் கங்காதர நெல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தால் அக்கா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவரைக் கடைசியாக ஒருமுறை அளக்க உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். வெளியே அவர் பெண்டாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன். அந்த மனிதருக்கு அழுத்தம் ஏறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏழுமலையானைப் பார்த்தே வேண்டினேன்.

ஏறித்தான் இருந்தது. இரண்டு மாதமாக அவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இது இன்ன மாத்திரை என்று யாரோ கண்டுபிடித்து, சலூனில் வைத்து, இந்த வயசுல இது வேறயா என்று ஊரே கேலி செய்திருக்கிறது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் பட்டைகளைக் கிணற்றில் போட்டுவிட்டாராம். அதைக் கேட்டு அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்காவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாளைத் தாண்டும்போது, "நிறுத்துங்க," என்றாள் அக்கா. நேரமில்லை என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள். அக்கா ஸ்ட்ரெச்சர் கம்பியை விடவில்லை.

"அழுவாதம்மா. என்னையும் இப்படித்தான் திருப்பி அனுப்பிச்சாங்க. மூணு மாசத்துல எறக்கிக்கினு வந்தேன். டாக்டரு திரும்ப எழுதிக் குடுப்பாங்க. கூச்சமா இருந்தா உங்க ஊர்ல வாங்காத, நகரிக்கு வா. இவன் கடைதான். இவன் குடுப்பான்," என்று என்னைக் காட்டினாள். பிறகு துண்டு மூடிய அந்த முகத்தைப் பார்த்து, "உனக்கு வரவேண்டியத நான் வாங்கிக்கினு போறேன் அண்ணா. நீ வரிசைய விட்டுப் போவாத," என்றாள். அதன் பிறகுதான் கம்பியை விட்டாள்.

ஒன்பதாம் நாள் கடைக்குப் போன் வந்தது. நர்ஸ் பேசினாள், பிறகு அக்கா. பிழைத்துவிட்டாள் என்று முன்பே தெரியும். குவைத்திலிருந்து புருஷன் வந்து இறங்கிவிட்டதும் தெரியும். ஆனாலும் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் அழுகையைக் கண்டுகொள்ளவில்லை.

"அந்த நெல்லூரு அம்மா மாத்திரைக்கு வந்துச்சா?"

"வரலக்கா."

"வரலன்னா நீ இன்னாத்துக்கு அங்க உக்காந்துக்கினு இருக்கிற? போ."

அன்று மதியமே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அவர்கள் விலாசம் வாங்கி, டாக்டரம்மா எழுதிய சீட்டு அவர்களிடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒன்பது பட்டையைச் சட்டைப் பையில் அடைத்துக்கொண்டு, புத்தூரில் சித்தூர் பஸ் ஏறி, கார்வேட்டிநகரம் தாண்டி இறங்கி, கரும்புத் தோட்டத்து ஓரமாக விசாரித்து விசாரித்து நடந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் வழிவிட்டாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நகரியிலருந்து வரேன் அண்ணா. மாத்திரை கொண்டாந்திருக்கேன்."

"எத்துக்கினு போ," என்றார் திரும்பாமல். "அந்த மாத்திரையத் துன்னுட்டு, ஊரு சிரிக்க நான் உசுரோட இருக்கணுமா?"

"சிரிக்கத்தான் சிரிப்பாங்க. நானும் சிரிச்சவன்தான். அந்தக்கா மொத நாளு என் கடைக்கு வந்தப்ப, மூஞ்சிக்கு நேரா சிரிச்சேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு வந்த இருதயத்த வெச்சிக்கினு அந்தக்கா அங்க படுத்துக்கினு இருக்குது. எழுந்து உக்கார முடியல. அங்கருந்து போன் பண்ணி என்னை இங்க அனுப்பிச்சிருக்குது. நீங்க போடலன்னு திரும்பிப் போயி சொல்ல எனக்கு தெகிரியம் இல்ல அண்ணா. நீங்க போடுற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

உண்மையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டைகளை அவர் கட்டில் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பரப்பி வைத்தேன். வாசலில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

"அந்தம்மா நெஜமா பொழைச்சிக்கிச்சா?" என்று கேட்டார் அவர்.

"பொழைச்சிக்கினு, அங்கருந்தே எங்கள வெரட்டிக்கினு இருக்குது."

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார், கட்டில் மேல் கிடந்ததைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார்.